சீமாட்டி கடித்த நாள்

"இது கடிக்குமா?"

கிடங்கின் புது முதலாளியம்மா தோனா எர்மீனியா, அங்கே வேலை பார்க்கும் சுல்மீராவிடம் முதன்முதலில் கேட்டது இதைத்தான். மார்ச் மாத மழையில் படகிலிருந்து இறங்கி, சேறு அப்பிய செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு கிடங்குக்குள் நுழைந்தவள், உன் பேர் என்ன என்று கேட்கவில்லை. எத்தனை மூட்டை இருப்பு என்றும் கேட்கவில்லை. தலைக்கு மேலே குறுக்குக் கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, மிச்ச உடம்பைத் தோரணம்போலத் தொங்கவிட்டிருந்த பாம்பைப் பார்த்தாள். பார்த்த இடத்திலேயே நின்றுவிட்டாள்.

சுல்மீரா வாய் திறப்பதற்குள் மூட்டை தூக்கும் திபூர்சியு முந்திக்கொண்டான்.

"கடிக்கிறதா? நம்ம சீமாட்டியா? தோனா, இது பாம்பே இல்லீங்க. வால் நீண்டுபோன பூனை. என் மாமியார் என்னைக் கடிச்சதுல நூத்துல ஒரு பங்குகூட இது யாரையும் கடிச்சதில்லே."

மாவு விற்க வந்து மழைக்கு ஒதுங்கி நின்றவர்கள் சிரித்தார்கள். "ஒன்பது வருஷமாச்சு தோனா, ஒரு கீறல் கிடையாது" என்றார் ஒருவர். "கடிக்கவே கடிக்காது" என்றார் இன்னொருவர்.

எர்மீனியாவின் கை தாடைக்குக் கீழே போயிற்று. அங்கே கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு பழைய தழும்பு. அதைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "உங்களை யாரு கேட்டா? அந்தப் பொண்ணைத்தானே கேட்டேன்."

நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால் சுல்மீராவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். தரையைப் பார்த்துக்கொண்டு, "கடிக்கும்" என்றாள்.

சிரிப்பு நின்றது.

"கடிச்சா என்ன செய்வே?"

"ஒண்ணும் செய்ய மாட்டேன், தோனா."

இந்த முறை மழைச் சத்தத்தையும் மீறிச் சிரித்தார்கள். திபூர்சியு தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தான். எர்மீனியாவின் காது மடல் சிவந்தது. இவள் திமிர் பிடித்தவள் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

திமிரும் இல்லை, வேடிக்கையும் இல்லை. சுல்மீரா உள்ளதைத்தான் சொன்னாள். சீமாட்டிக்கு விஷம் கிடையாது. பிடித்துச் சுற்றி நெருக்கித் தின்கிற சாதி. அதன் பற்கள் ஊசி ஊசியாக, நூற்றுக்குக் குறையாமல், எல்லாமே தொண்டைப் பக்கம் சாய்ந்திருக்கும். கடித்ததும் கையை வெடுக்கென்று இழுத்தால் தூண்டில் முள்ளை இழுத்தாற்போலத்தான். கையும் கிழியும், பாம்பின் வாயும் கிழியும், பல் முறிந்து சதைக்குள் தங்கிச் சீழ் வைக்கும். இழுக்காமல், உதறாமல், அடிக்காமல் சும்மா இருந்தால், இது தின்கிற பண்டம் இல்லை என்று தெரிந்து அதுவாகவே விட்டுவிடும். இதையெல்லாம் எடுத்துச் சொல்லப் பத்து வாக்கியம் வேண்டும். சுல்மீராவிடம் அன்றைக்கு மூன்று சொற்கள்தான் இருந்தன.

அந்த ஆற்றங்கரையில் மரவள்ளி மாவும் கொக்கோவும் அடுக்குகிற கிடங்கு எதுவானாலும் உத்தரத்தில் ஒரு பாம்பு இருக்கும். இல்லையென்றால் எலிதான் முதலாளி. சீமாட்டி முழங்கை நீளம் இருக்கும்போது அசாயிப் பழக்கூடை ஒன்றுக்குள் சுருண்டு வந்தது. அப்போது சுல்மீராவும் கிடங்குக்குப் புதிது. வயது பதினெட்டு. பின்பக்கத்து அறையில் ஊஞ்சல் படுக்கை கட்டிக்கொண்டு, மாவை அளந்து வாங்கி, ஓலை வைத்துக் கூடையில் கட்டி, வாங்க வருபவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. பேச வேண்டிய அவசியமில்லாத துணை ஒன்று கிடைத்தது என்று சந்தோஷப்பட்டாள். இப்போது சீமாட்டி இரண்டு ஆள் நீளம். தொடையளவு பருமன். முதுகில் காப்பிக்கொட்டை நிறத்தில் சேணம் சேணமாகப் புள்ளி, வால் பக்கம் வர வரச் செங்கல் நிறம். வெயில் பட்டால் தோலின்மேல் எண்ணெய் மிதக்கிறாற்போல நீலம் ஓடும்.

ரொட்டிக்கடையில் எலி அதிகமானால், "சுல்மீரா, சீமாட்டியை ஒரு வாரம் அனுப்பேன்" என்று ஆள் வரும். படகுச் சாமான் கடையிலிருந்து வரும். பாதிரியார் வீட்டிலிருந்துகூட ஒரு தடவை வந்தது. சுல்மீராதான் சாக்கில் போட்டுத் தோளில் சுமந்துகொண்டு போவாள், அவள்தான் திரும்பக் கொண்டுவருவாள். ஊரே அவளை நம்பியது. அவள் தன்னுடைய நாலைந்து கட்டுப்பாடுகளை நம்பினாள்.

மேலேயிருந்து கை நீட்டக் கூடாது. பருந்து மேலேயிருந்துதான் வரும். தொடுவதற்கு முன்னால் துடைப்பக் கம்பால் நடு உடம்பில் மூன்று தரம் மெல்லத் தட்ட வேண்டும். கம்பு பட்டால் இன்றைக்குத் தீனி இல்லை என்று அதற்குத் தெரியும். தோல் உரிக்கப்போகும் வாரத்தில், கண் பால் பூத்திருக்கும்போது, பக்கத்திலேயே போகக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், கோழியோ வாத்தோ தொட்ட கையோடு இரண்டு நாளைக்கு அதைத் தொடக் கூடாது. எத்தனை முறை கழுவினாலும் சரி, இரண்டு நாள்.

எர்மீனியாவுக்கு இந்தக் கிடங்கு பெரியப்பா வழியில் வந்தது. பெலேம் நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவள். ஐம்பது வயது, தனிக்கட்டை, வேலையில் கெட்டிக்காரி. வந்த மாதமே கூரை ஓட்டைகளை அடைத்தாள், தராசை மாற்றினாள். அடுத்த முறை பெலேம் போய் வந்தபோது ஒரு தகர டப்பா வாங்கி வந்தாள். மூடியில் மண்டையோடு படம். எலி விஷம்.

ஜன்னல் விளிம்பில் அதை வைத்துவிட்டுச் சுல்மீராவைக் கூப்பிட்டாள்.

"பாரு பொண்ணே, இந்த ஊர்க்காரங்க எல்லாரும் இந்தப் பாம்புக்காக வந்து எங்கிட்ட வக்காலத்து வாங்கிட்டாங்க. சரி, இருக்கட்டும். ஆனா ஒரு கடி. யாரையா இருந்தாலும் சரி, ஒரே ஒரு கடி. அன்னைக்கே திபூர்சியு கத்தியை எடுப்பான், நீ இந்த டப்பாவைத் திறப்பே. அதுவரைக்கும் டப்பா இங்கேயே, உன் கண்ணு முன்னாலேயே இருக்கும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது, தோனா."

மனுஷர் தின்கிற மாவுக்கு நடுவே விஷத்தைத் தூவுவதா என்று கேட்டிருக்கலாம். விஷம் தின்ற எலி எந்த மூட்டைக்குள் போய்ச் சாகும் என்று யாருக்குத் தெரியும் என்றும் கேட்டிருக்கலாம். ஊஞ்சல் படுக்கையில் படுத்த பிறகுதான் அவளுக்கு இதெல்லாம் கோவையாக வரும். காலையில் எர்மீனியா முன்னால் நின்றால் ஒன்றும் வராது.

டப்பா அங்கேயே இருந்தது. ஏப்ரல் போய், ஜூன் போய், அக்டோபரும் வந்துவிட்டது. அதன் மேல் மாவுத்தூசி படிந்து மண்டையோடு மங்கிப்போனது. ஒவ்வொரு நாளும் சீமாட்டிக்கு ஏதும் ஆகாமல் கழிகிறது என்பதற்கு அந்தத் தூசிதான் அடையாளம் என்று நினைத்து, சுல்மீரா அதைத் துடைக்காமலே விட்டிருந்தாள்.

அக்டோபரில் மாதா திருவிழா. வாத்தை மரவள்ளிச் சாற்றில் கொதிக்கவைத்து, நாக்கு மரத்துப்போகச் செய்கிற கீரையைப் போட்டுச் சாப்பிடாத வீடு அந்த நாளில் கிடையாது. எர்மீனியாவின் தங்கை குடும்பம் பெலேமிலிருந்து வருவதாகச் சேதி வந்தது. பெரியவர்களும் குழந்தைகளுமாகப் பதினாலு பேர். வீட்டில் அத்தனை பேருக்கு இடமில்லை. கிடங்கின் நடுவே மூட்டைகளை ஒதுக்கி, பெஞ்சு போட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு அங்கேதான் என்று ஏற்பாடு.

சனிக்கிழமை காலை சமையல்காரிக்குக் காய்ச்சல். எட்டு வாத்துகள் கழுத்தறுபட்டு, வெந்நீர் அண்டாவுக்குப் பக்கத்தில் வரிசையாகக் கிடந்தன.

"சுல்மீரா, நீ உக்காந்து உரி" என்றாள் எர்மீனியா.

"தோனா, நான் வாத்தைத் தொட்டா அப்புறம்..."

"தொட்டா என்ன? வாத்து கடிச்சிடுமா?"

கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த திபூர்சியு ஹோவென்று சிரித்தான். "பாம்பைத் தோள்ல போட்டுக்கிட்டு ஊரைச் சுத்துறவ செத்த வாத்துக்குப் பயப்படுறா, பாத்தீங்களா தோனா!"

சுல்மீராவின் வாக்கியம் பாதியிலேயே நின்றுவிட்டது. உட்கார்ந்தாள். சீமாட்டியைத் திங்கட்கிழமை வரைக்கும் தொடாமல் இருந்தால் போயிற்று என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு, எட்டு வாத்தையும் உரித்தாள். முழங்கை வரைக்கும் இறகும் கொழுப்பும். நகக்கண்ணில் ரத்தம்.

பத்து மணிக்கு ஆற்றில் வந்த படகொன்று சேதி கொண்டுவந்தது. தங்கை குடும்பம் ஒரு நாள் முன்னதாகவே கிளம்பிவிட்டதாம். மத்தியானப் படகில் வருகிறார்கள்.

எர்மீனியா கையில் பட்டியலோடு ஓடி வந்தாள். "பன்னண்டு மணிக்குள்ள பாம்பு கிடங்குல இருக்கக் கூடாது. ஆறு குழந்தைங்க வருது, வந்ததும் இங்கேதான் ஓடி ஆடப் போவுதுங்க. ரொட்டிக்கடைல கொண்டுபோய் விட்டுடு."

"இன்னைக்கா, தோனா?"

"இல்லே, கிறிஸ்துமஸுக்கு. என்ன கேள்வி இது? கிளம்பு."

அவள் போய்விட்டாள். சுல்மீரா தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"திபூர்சியு அண்ணே" என்று மெதுவாகக் கூப்பிட்டாள். "நீங்க ஒரு தடவை எடுத்துச் சாக்குல போட முடியுமா? நான் பக்கத்துல நின்னு சொல்றேன்."

திபூர்சியு வாளியைக் கீழே வைத்தான். அவன் முகத்தில் இருந்த நக்கல் எல்லாம் கிணற்றுக்குள் விழுந்தாற்போல ஆயிற்று.

"நானா? தங்கச்சி, எனக்கு இடுப்பு வலி."

"நீங்கதானே பூனைன்னு சொல்வீங்க."

"பூனைன்னாலும் எனக்கு ஆகாது. தும்மல் வரும்." சொல்லிவிட்டுப் படகுத்துறைப் பக்கம் நடந்தான். இத்தனை வருஷத்தில் அவன் ஒருநாளும் சீமாட்டியைத் தொட்டுப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

சோப்புப் போட்டாள். சாம்பல் போட்டுத் தேய்த்தாள். எலுமிச்சம்பழத்தை வெட்டி முழங்கை வரைக்கும் பிழிந்தாள். முகர்ந்தால் வாத்து. மறுபடி சோப்பு. மறுபடி வாத்து. பதினொன்றேகால் ஆகிவிட்டது. அப்போதுதான் அலமாரியில் இருந்த பாட்டில் ஞாபகம் வந்தது. ஜூன் மாதத்தில் யோவான் திருநாளுக்கு எல்லாப் பெண்களும் வாசனைக் குளியல் குளிப்பார்கள். வேரும் பட்டையும் இலையும் ஊறவைத்த தண்ணீர். காதல் கைகூடும், கண்ணேறு கழியும் என்று மூலிகைக்காரி கூவிக் கூவி விற்பாள். சுல்மீரா வாங்கிவைப்பாளே தவிரக் குளிப்பதில்லை. பாம்புக்குத் தன் வாசனை மாறிவிடும் என்று பயம். நாலு மாதமாக ஊறிக் கறுத்துப்போயிருந்த அந்தத் தண்ணீரைக் கைகளிலும் கழுத்திலும் ஊற்றித் தேய்த்தாள்.

முகர்ந்து பார்த்தாள். காடு முழுக்க மழை பெய்து ஓய்ந்தாற்போல ஒரு வாசனை. வாத்து எங்கேயும் இல்லை.

பாம்பு மூக்கால் முகர்வதில்லை. அவளுக்கு அது தெரியாதா? ஊரில் அவளுக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. நாக்கை நீட்டிக் காற்றைத் தொட்டுத் தொட்டு வாய்க்குள் கொண்டுபோய்த்தான் அது தெரிந்துகொள்ளும். பத்து வாசனைக்கு அடியில் கிடக்கிற பதினோராவது வாசனையையும் அந்த நாக்கு தனியாகப் பிரித்தெடுத்துவிடும். ஆனால் நேரம் ஓடிக்கொண்டிருந்தது, தன் மூக்கு சரி என்று சொல்லிவிட்டது, அவளும் நம்பிவிட்டாள்.

சீமாட்டி கிடங்கின் பின்கோடியில், மூட்டை அடுக்கின் மேல், அவள் தோள் உயரத்தில் சுருண்டிருந்தது. தோல் உரித்துப் பத்து நாள். மூன்று வாரமாக எலியும் சரியாகக் கிடைக்கவில்லை. சுல்மீரா சாக்கைக் கீழே விரித்தாள். துடைப்பக் கம்பால் மூன்று தரம் தட்டினாள். தலை எழுந்தது. நாக்கு வந்தது, போனது, மறுபடி வந்தது. வழக்கமாக இரண்டு முறை நாக்கை நீட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துவிடும். இன்றைக்கு நாக்கு நிற்கவே இல்லை. கழுத்து மெல்ல, கொக்கிபோல, பின்னுக்கு வளைந்தது.

அந்த வளைவைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. கையை எடுக்க நேரமில்லை.

வலது முன்கையில் யாரோ ஒரு சீப்பைப் பழுக்கக் காய்ச்சி அறைந்தாற்போல இருந்தது. அடுத்த கணம் உடம்பு மூட்டையிலிருந்து சரிந்து வந்து, கையைச் சுற்றி ஒன்று, இரண்டு, மூன்று சுற்று. கம்பு கீழே விழுந்தது. சுல்மீரா வாயைத் திறந்தாள். சத்தம் வருவதற்கு முன்னால் மூடிக்கொண்டாள். கண் தானாக ஜன்னல் விளிம்புக்குப் போனது. தூசி படிந்த டப்பா.

கத்தினால் சீமாட்டி செத்தது. அவ்வளவுதான் விஷயம்.

மெதுவாக, மிக மெதுவாக, முதுகை மூட்டையில் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். பாம்பின் கனத்தைத் தாங்க முழங்காலை மடக்கிக் கொடுத்தாள். மூச்சை இழுத்துப் பிடிக்காமல் விட்டாள். துடித்தால் இன்னும் இறுக்கும். மரக்கட்டையாக இருக்க வேண்டும்.

வாசலில் காலடிச் சத்தம்.

"சுல்மீரா! பெஞ்சு எத்தனை போட்டிருக்கு?"

மூட்டை அடுக்குக்கு அந்தப் பக்கம் எர்மீனியா. இங்கே நடப்பது அவளுக்குத் தெரியாது.

"ஆறு, தோனா."

"ஆறு போதுமா?"

"ஒண்ணுல மூணு பேர் உக்காரலாம், தோனா. குழந்தைங்கன்னா நாலு."

"தட்டு?"

"இருபது. ரெண்டுல விளிம்பு உடைஞ்சிருக்கு."

தன் குரல் இத்தனை தெளிவாக வருவது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒன்பது வருஷத்தில் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. முழங்கையிலிருந்து சொட்டுச் சொட்டாக ரத்தம் மாவுத்தூசியில் விழுந்து, சின்னச் சின்ன உருண்டையாகத் திரண்டது.

காலடி போகவில்லை. நெருங்கி வந்தது. "என்னடி இது வாசனை? மூலிகைக்காரி கடையைக் கொட்டிக் கவுத்தாப்ல..." என்று சொல்லிக்கொண்டே எர்மீனியா அடுக்கைச் சுற்றி வந்தாள்.

பார்த்தாள். பட்டியல் கையிலிருந்து நழுவியது. கை தாடைக்குக் கீழே போயிற்று. வாய் திறந்தது, அதிலிருந்து ஒரு பெருங்கூச்சல் வரப்போகிறது என்று சுல்மீரா தெரிந்துகொண்டு, தலையை மட்டும் அசைத்தாள். வேண்டாம்.

கூச்சல் வரவில்லை. கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

"நான்... நான் என்ன செய்யட்டும்?"

"ஒண்ணும் செய்யாதீங்க, தோனா."

எர்மீனியா அசையாமல் நின்றாள். பிறகு எதிர் மூட்டையின் மேல் உட்கார்ந்தாள்.

"கரும்புச் சாராயம் ஊத்தினா விட்டுடும்னு திபூர்சியு ஒருநாள் சொன்னானே?"

"விடும். ஆனா வாய் வெந்துபோயிடும் அதுக்கு. கொஞ்சம் பாப்போம்."

"வலிக்குதா?"

"வலிக்குது."

கோயில் பக்கம் வாணம் ஒன்று வெடித்தது. எர்மீனியா திடுக்கிட்டாள். சுல்மீராவும் பாம்பும் திடுக்கிடவில்லை. கூரை இடுக்கில் வந்த வெயில் சீமாட்டியின் மேல் விழுந்து, நீலமாக ஓடியது. அதன் விலா ஏறி இறங்குவது தெரிந்தது. அந்த ஏற்ற இறக்கத்தோடு தன் மூச்சையும் சேர்த்துவிட்டாள் சுல்மீரா.

"எனக்கு ஆறு வயசு" என்றாள் எர்மீனியா திடீரென்று, யாரிடமோ சொல்வதுபோல. "பக்கத்து வீட்டு நாய். கடிக்காது, கடிக்கவே கடிக்காது, போய்த் தடவிக் குடுன்னாங்க. தாடையைக் கவ்விடுச்சு. எங்கப்பா என் காலைப் பிடிச்சு இழுத்தார், நாய்க்காரர் நாயோட காலைப் பிடிச்சு இழுத்தார்." தழும்பை ஒரு தரம் தடவிக்கொண்டாள். "நாய் கடிச்சது நாலு பல்லுதான். மிச்சமெல்லாம் இழுத்ததுல கிழிஞ்சது."

சுல்மீரா அந்தத் தழும்பை முதன்முறையாக நேராகப் பார்த்தாள்.

இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். எவ்வளவு நேரம் என்று சுல்மீராவால் பின்னால் சொல்ல முடியவில்லை. விரல் நுனிகள் கத்தரிப்பூ நிறமாகி, மரத்து, யாருடைய விரல்களோபோல ஆயின. பிறகு மேல் சுற்று கொஞ்சம் தளர்ந்தது. சீமாட்டி தாடையை ஒரு பக்கம் அசைத்தது, மறு பக்கம் அசைத்தது. கம்பளியில் மாட்டிய முள்ளை எடுக்கிறாற்போல ஒவ்வொரு பல்லாகக் கழற்றிக்கொண்டு, தலையைப் பின்னுக்கு இழுத்தது. நாக்கை நீட்டிச் சுல்மீராவின் கையைத் தொட்டுப் பார்த்தது. தான் கடித்தது என்ன என்று அதற்கே விளங்கவில்லைபோல இருந்தது.

"தோனா, ஒரு உதவி. ஒத்தக் கையால முடியாது. அந்தச் சாக்கோட வாயை மட்டும் விரிச்சுப் பிடிக்கணும்."

"நானா?"

"தூரமாவே பிடிங்க. உங்க பக்கம் வராது."

சொன்ன பிறகு ஒரு கணம் யோசித்தாள். "வராதுன்னு நினைக்கிறேன்" என்று திருத்திக்கொண்டாள்.

எர்மீனியா அவளை ஒரு பார்வை பார்த்தாள். எழுந்தாள். சாக்கின் வாயை இரண்டு கையாலும் அகட்டிப் பிடித்து, கைகளை நீட்டின நீட்டுக்கு நீட்டி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். சுல்மீரா வால் பக்கத்திலிருந்து ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து, இடது கையால் அள்ளி, உள்ளே இறக்கினாள். கடைசியாகத் தலை தானாகவே இருட்டைத் தேடிப் போனது. சாக்கைக் கட்டும் கயிற்றின் ஒரு முனையைச் சுல்மீரா பற்களால் கவ்வி முடிச்சுப் போட்டாள்.

"கிட்டே வந்து பாத்தா இதுக்குக் கழுத்துன்னே ஒண்ணு இல்லே" என்றாள் எர்மீனியா, ஏதாவது சொல்ல வேண்டும் என்பதற்காக.

"இருக்கு தோனா. எங்க ஆரம்பிக்குதுன்னுதான் தெரியாது."

கையில் வளைவாக இரண்டு வரிசைப் புள்ளிகள். ஒவ்வொன்றிலிருந்தும் மெல்லிய நூலாக ரத்தம். எர்மீனியா தன் தலைத்துணியை அவிழ்த்தாள். கையைச் சுற்றிக் கட்டக் குனிந்தவள் அப்படியே நின்றாள். மூக்கு விடைத்தது. மூலிகைக்கு அடியில், சாம்பலுக்கும் எலுமிச்சைக்கும் அடியில், இவ்வளவு கிட்டத்தில், அவளுக்கும் அது தட்டுப்பட்டுவிட்டது. சுல்மீராவின் நகக்கண்ணைத் திருப்பிப் பார்த்தாள். வெள்ளையாக ஓர் இறகுத் துணுக்கு ஒட்டியிருந்தது.

காலையில் பாதியில் நின்றுபோன அந்த வாக்கியத்தின் மீதி என்னவாக இருந்திருக்கும் என்பதை அவள் தானாகவே முடித்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். துணியைச் சுற்றும்போது கை மிகவும் மெதுவாக ஓடியது.

படகுத்துறையிலிருந்து திபூர்சியு கத்திக்கொண்டே வந்தான். "தோனா! படகு வளைவு திரும்பிடுச்சு! குழந்தைங்க கையை ஆட்டுதுங்க!" அடுக்கைச் சுற்றி வந்தவன் துணியைப் பார்த்தான், தரையில் ரத்தத்தைப் பார்த்தான், கட்டிய சாக்கைப் பார்த்தான். கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த தன் கத்தியையும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டான். முகம் வெளுத்தது.

"ஆணிதானே?" என்றான் அவசரமாக. "அந்தப் பழைய ஆணி. ஆமா தோனா, இந்த மூட்டைக்குப் பின்னாடி ஒரு துருப்பிடிச்ச ஆணி இருக்கு, நான்கூடப் பிடுங்கணும் பிடுங்கணும்னு... சொல்லு தங்கச்சி, ஆணிதானே கீறுச்சு? பூனைக்குட்டி மாதிரி இருக்கறது எங்க போய்..."

சுல்மீரா எர்மீனியாவைப் பார்த்தாள். ஆணி என்று ஒரு சொல் சொன்னால் போதும். எர்மீனியாவே அதை எதிர்பார்த்து, அதற்கு இடம் கொடுத்து, வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்பதுபோலத்தான் இருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. அதைப் பிய்த்து எடுத்தாள்.

"ஆணி இல்லே அண்ணே. கடிச்சிடுச்சு. வாத்து தொட்ட கையோட நான் போயிருக்கக் கூடாது. ரெண்டு நாள் ஆகும்னு காலையிலேயே சத்தமா சொல்லியிருக்கணும். அது மேலே தப்பில்லே." மூச்சு வாங்கியது. "இனிமேயும் கடிக்கும், தோனா. நான் தப்புப் பண்ணினா கடிக்கும்."

திபூர்சியு தலையில் கை வைத்துக்கொண்டான். "உனக்கு வாயே வராதே தங்கச்சி, அது வந்த அன்னைக்குப் பார்த்து இதைத்தான் பேசணுமா?"

துறையில் படகு மணி அடித்தது. குழந்தைகளின் கூச்சல் தண்ணீரின் மேல் மிதந்து வந்தது.

எர்மீனியா குனிந்து, கீழே கிடந்த பட்டியலை எடுத்து மடித்தாள். ஜன்னல் விளிம்புக்குப் போனாள். ஆறு மாதத்துத் தூசி கையில் ஒட்ட ஒட்ட, தகர டப்பாவை எடுத்தாள். பாவாடை மடிப்பில் அதைத் துடைத்தாள். மண்டையோடு பளிச்சென்று வெளியே வந்தது. டப்பாவைப் பாவாடைப் பைக்குள் ஆழமாகப் போட்டுக்கொண்டாள். கட்டிவைத்த சாக்கு வழியில் கிடந்தது. அதை மிதித்துவிடாமல், சுவரோரமாக ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு, கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த கத்தியை ஏறிட்டும் பார்க்காமல் வெயிலுக்குள் இறங்கிப் போனாள்.